பிரேமிளா அக்காவின் மெரிடன் குடா

விடியுமுன் கிளம்பும் எங்கள் ஒஃபிஸ் வேன் முதலில் மஹியாவையில் என்னை ஏற்றிக்கொள்ளும். பிறகு டவுனைத் தாண்டி அம்பிட்டிய மேட்டுக்கு ஏறி, பிரேமிளா அக்காவை ஏற்றிக்கொண்டு வாவியைச் சுற்றி இறங்கும். அந்த நேரத்தில் கண்டி வாவியில் தண்ணீர் தெரியாது. வெள்ளையாக ஏதோ ஒன்று படுத்துத் தூங்குவதுதான் தெரியும். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வருவார். சில நாள் பேச்சே இருக்காது. சில நாள், பாதித் தூக்கத்தில் பேசுகிறவர் போல, "இன்னைக்கு அங்க மழ," என்பார்.

அங்கே என்றால் மெரிடன் குடா. அவுஸ்திரேலியாவின் தென்மேற்குக் கரையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சின்ன ஊர். அக்கா அங்கே போனதில்லை, வேறு எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. ஆனாலும் அங்கே மழை என்றால் கையில் குடையோடு வேனில் ஏறுவார், கண்டியில் சுள்ளென்று வெயில் அடிக்கிற மாதத்திலும். நாங்கள் சிரிப்போம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். ஆனால் குடையை வீட்டில் வைத்துவிட்டு வரமாட்டார்.

அவர் ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பா மூக்கையாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை, அம்மா மலையில் கொழுந்து எடுத்தவர். கண்டியில் விடுதியில் தங்கிப் படித்து, உயர்தரம் முடித்து, முதலில் ஒரு லீசிங் கம்பனியில் வரவேற்பாளராக இருந்தார். நிரோஷன் என்ற ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டார். யசோதினி என்று ஒரு மகள். 2014இல் கெட்டம்பே பக்கம் ஒரு துணிக்கடைக்கு மேலே, வெளிநாட்டுக் கம்பனிகளின் ஒஃபிஸ் வேலைகளை இங்கிருந்து செய்துகொடுக்கும் இடம் ஒன்று திறந்தபோது அதில் சேர்ந்தார். நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து சேர்ந்தது அடுத்த வருடம். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். முதல் நாளே அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் மாடிக்கு வந்த வேலை, அந்தக் கரையோர ஊர்களுக்கும் அவற்றை அடுத்த உள்ளூர்களுக்கும் தண்ணீர் கொடுக்கும் கம்பனியுடையது. அக்காவுக்கு மெரிடன் குடாவும் அதன் சுற்றுவட்டாரமும். அந்த ஊரில் யார் வீடு மாறினாலும், யார் புதிதாக வந்தாலும், யாருடைய மீட்டர் உடைந்தாலும் அந்தச் செய்தி கடல் தாண்டி அக்காவின் ஸ்கிரீனில் வந்து நிற்கும். அவர் பெயரை மாற்றுவார், பில்லைத் திருத்துவார், பதில் எழுதுவார். யாராவது இறந்துபோனால் அதுவும் அவரிடம்தான் வரும்.

அந்த வேலையை முன்பு செய்தவர் அந்த ஊரிலேயே இருந்த ஜூடித் என்ற பெண். கடற்கரைத் தெருவில் கம்பனிக்கு ஒரு சிறிய ஒஃபிஸ் இருந்ததாம். ஊர்க்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பில் கட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுப் போவார்களாம். அதை மூடப்போகிறோம் என்று சொன்ன பிறகு, மூடும் நாள் வரைக்கும் ஜூடித் தினமும் காலையில் ஸ்கிரீனில் வந்து அக்காவுக்கு வேலை சொல்லிக்கொடுத்தார். சிரித்ததும் இல்லை, சீறியதும் இல்லை. கடைசி நாள் மட்டும், எல்லாம் முடிந்த பிறகு, கெமராவை ஜன்னல் பக்கம் திருப்பியிருக்கிறார். கடலுக்குள் நீண்டுபோகும் ஒரு மரப் பாலம் தெரிந்ததாம். படகுத்துறைக்குப் பக்கத்து வீடு என்று ஆட்கள் எழுதினால் இந்தத் துறையைத்தான் சொல்கிறார்கள், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். பிறகு ஸ்கிரீன் கறுத்துப்போயிற்று.

ஜூடித்துக்கு அந்தக் கம்பனியில் வேறு இடம் கொடுத்திருப்பார்கள் என்றுதான் அக்கா அதுவரை நினைத்திருந்தார். வேனில் திரும்பி வரும்போது, ஜூடித்தை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள் என்று சுப்பவைசர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்று பொங்கலுக்கு மறுநாள், வீட்டில் மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கலை அக்காவால் வாயில் வைக்க முடியவில்லையாம். ஆனால் அடுத்த நாள் எழும்பி வேலைக்குப் போனார். "போகாம இருந்தா மட்டும் அந்தப் பொம்பளைக்கு வேல திரும்பக் கெடைக்குமா," என்று பல வருடம் கழித்து என்னிடம் கேட்டார். கேட்ட விதத்தில் பதில் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது.

வருடங்கள் போகப் போக அந்த ஊர் அக்காவுக்குள் வளர்ந்தது. பார்த்தது ஒரே ஒரு மரப் பாலம்தான். மற்றதையெல்லாம் அவரே கட்டிக்கொண்டார். ஹில் ரோட் என்று ஒரு தெரு இருந்தது. அதனால் துறைக்குப் பின்னால் ஒரு மலையை எழுப்பினார். மலை என்றால் அவருக்குத் தெரிந்தது ஹேவாஹெட்ட மலைதான், ஆகவே அதில் தேயிலை வந்தது, தேயிலைக்கு நடுவே சவுக்கு மரங்களும் வந்தன. கடலோரத்தில் கண்டி வாவியைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கைப்பிடிச் சுவர் போல ஒன்று வளைந்து போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாவியைச் சுற்றி நடக்கும்போது தான் எந்த ஊரில் நடக்கிறோம் என்று சில நிமிடம் குழம்பிப்போவதாகச் சொல்வார். அந்தக் குழப்பம் அவருக்குப் பிடித்திருந்தது. துறைமுனைத் தெருவில் புதிதாகக் குடிவந்த தம்பதிக்குக் குழந்தை பிறந்திருக்கும், தண்ணீர்ச் செலவைப் பார்த்தாலே தெரிகிறது என்பார். சிவப்புக் கதவு வீட்டுக்காரி தனியாகிவிட்டாள் என்பார். கதவு சிவப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், "அது செவப்புத்தான்," என்பார், வேறு எப்படி இருக்க முடியும் என்பது போல.

ஹெக்டர் என்று ஒரு கிழவர் இருந்தார். அவர் வீட்டுக் கணக்கு மனைவியின் பெயரில் இருந்தது. மனைவி இறந்து பல வருடம். வருடத்துக்கு ஒரு முறை ஹெக்டர் ஒரு வரி எழுதுவார், அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும் என்று. இறந்தவர் பெயரில் கணக்கு இருக்கக்கூடாது என்பது கம்பனியின் சட்டம். அக்கா ஒவ்வொரு வருடமும் அந்தப் பெயர் மாற்றும் வேலையை "விசாரணையில்" என்று குறித்து அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவார். மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக நாடு தவித்த 2022இல் நாங்கள் வீட்டுக்குப் போகாமல் ஒஃபிஸ் தரையிலேயே பாய் போட்டுப் படுத்து வேலை செய்தோம். அந்த வருடத்திலும் அதைத் தள்ளிவிட அவர் மறக்கவில்லை.

2024 ஜனவரியில் ஒரு காலை அக்கா என் தோளைத் தொட்டார். ஸ்கிரீனில் ஒரு வாடிக்கையாளரின் செய்தி. மூன்று வாரம் வீட்டில் இருக்கமாட்டேன், இலங்கைக்குச் சுற்றுலா போகிறேன், குழாயில் கசிவு இருப்பதால் தண்ணீரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. கண்டியில் இரண்டு நாள் தங்குவேன், பிரேமிளா இன்னும் அங்கே வேலை செய்கிறாரா? பெயர் ஜூடித்.

வாடிக்கையாளரைத் தனியாகச் சந்திக்கக்கூடாது என்று எங்களுக்குக் கட்டளை இருந்தது.

"அக்கா, இது நல்லமில்ல," என்றேன். "ஆருக்கும் தெரிய வந்தா வேலைக்கே ஆபத்து."

"தெரியும் றிப்கா. ஆனா அந்தம்மா என் பேர மறக்கலியே."

"அப்பிடியெண்டா தனிய போக வேணாம். நானும் வாரேன்."

பேராதனைப் பூங்காவில், சனிக்கிழமை பின்னேரம், பெரிய புல்வெளிக்கு அருகில் சந்தித்தோம். அக்கா கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தியிருந்தார். உயரமான, எலும்பும் தோலுமான ஒரு பெண்ணை அவர் தேடிக்கொண்டிருந்தார். ஸ்கிரீனில் முகம் மட்டும்தானே தெரியும். வந்தவர் குள்ளமாக, வைக்கோல் தொப்பி போட்டு, முழங்காலுக்குப் பட்டி கட்டி, மெதுவாக நடந்து வந்தார். இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரே பெஞ்சில் மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

வெயிலைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் பேசி முடிந்தது. அக்காதான் முதலில் கேட்டார், பிறகு வேலை கிடைத்ததா என்று. ஜூடித் அவசரமில்லாமல் சொன்னார். அந்த ஒஃபிஸில் இருந்தவர்களில் இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் இடத்தில் கொஞ்ச காலம், பிறகு பாடசாலைக் கன்டீனில். கடலோர வீட்டை விற்றுவிட்டு, கொஞ்சம் உள்ளே, அதே கம்பனியின் தண்ணீர் வரும் ஒரு சிறு ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து கடல் தெரியாது, வாசமும் வராது. கணவர் போன வருடம் தவறிவிட்டார். அவர் விட்டுப்போன கொஞ்சத்தில்தான் இந்தப் பயணம்.

"நான் ஒரு வருடம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன்," என்றார் ஜூடித். "கம்பனி மேல் இல்லை. கம்பனிக்கு முகம் கிடையாது. உங்களுக்கு இருந்தது."

அக்கா குனிந்து சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வேலையால்தான் நாங்கள் வீடு கட்டினோம்," என்றார் கடைசியில். "அதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை."

ஜூடித் தலையசைத்தார். அந்த வீட்டில் எத்தனை அறை, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று கேட்டார். அக்கா சொன்னார். ஹந்தானை மலை தெரியும், காலையில் பாதி மலைதான் இருக்கும், மற்றப் பாதி மேகம் என்று. ஜூடித் அதைக் கேட்டு நன்றாயிருக்கிறது என்றார். அதில் கசப்பு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. உள்ளே இருந்திருக்கலாம்.

பிறகு ஊர்க்கதை வந்தது. ஹெக்டர் இருக்கிறாரா என்று ஜூடித் கேட்டார். வாடிக்கையாளர் விஷயம் வெளியில் சொல்லக்கூடாது. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் வீட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது," என்று மட்டும் சொன்னார். ஜூடித்துக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு அக்கா, எப்போதோ கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டார். ஹில் ரோட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் துறை முழுவதும் தெரியுமா?

ஜூடித்துக்கு விளங்கவில்லை. எந்த உச்சி என்றார். அக்கா மலையைச் சொன்னார். அப்போதுதான் ஜூடித் வாய்விட்டுச் சிரித்தார். மெரிடன் குடாவில் மலையே கிடையாது, ஊர் தட்டுப் போல இருக்கும். ஹில் என்பது ஒரு மனிதருடைய பெயர். அந்தக் காலத்தில் பேக்கரி வைத்திருந்தவர்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. ஒன்பது வருடமாக ஏறி இறங்கிய மலை. ஜூடித் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "உங்களுடைய ஊரைச் சொல்லுங்கள்," என்றார். "துறையிலிருந்து தொடங்குங்கள்."

அக்கா தொடங்கினார். முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. மரப் பாலத்திலிருந்து இறங்கினால் வெள்ளைச் சுவர். சுவரோரமாகப் போனால் சிவப்புக் கதவு வீடு. அதைத் தாண்டினால் பாதை மேலேறும். மழை பெய்தால் அந்தப் பாதையில் தண்ணீர் வாய்க்கால் போல் இறங்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் தேயிலை. மேலே ஹெக்டர் வீட்டு முற்றத்தில் ஒரு கதிரை, அவர் மனைவியுடையது, அதில் யாரும் உட்காருவதில்லை. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கடல், கீழே, மேகத்துக்கு இடையே துண்டு துண்டாக. பூங்காவில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மரங்களில் தலைகீழாகத் தொங்கிய வௌவால்கள் இறக்கையை விரித்து விரித்து மூடின. ஜூடித்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சில நிமிடத்தில் நானும் அங்கே நடந்தேன்.

"மலையை எடுத்துவிடாதீர்கள்," என்றார் ஜூடித் எழும்பும்போது. "அது அங்கேயே இருக்கட்டும்."

எங்களைச் சந்தித்த விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்கும் அதனால் ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு. ஏப்ரல் விடுமுறை முடிந்து போனபோது எல்லோரையும் மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர்க் கம்பனியின் வேலை இந்த வருடத்தோடு கண்டியை விட்டுப் போகிறது என்றார்கள். சாதாரணக் கேள்விகளுக்கு இனி மெஷின் பதில் எழுதும், மீதி வேலை இதைவிட மலிவான இன்னொரு நாட்டுக்குப் போகும். எந்த நாடு என்று கேட்டதற்கு இன்னும் முடிவாகவில்லை என்றார்கள்.

ஜூடித் தனக்குச் சொல்லிக்கொடுத்தது போல தானும் யாருக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று அக்கா எதிர்பார்த்தார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதில் ஒழுங்குபடுத்திக்கூட வைத்திருந்தார். யாரும் வரவில்லை. அவர் கணினியில் ஏதோ ஒன்றைப் பொருத்தினார்கள். கடைசி மாதங்களில் அவர் எதை அழுத்துகிறார், எங்கே நிறுத்துகிறார், என்ன எழுதுகிறார் எல்லாவற்றையும் அது பார்த்துப் படித்துக்கொண்டது. ஹெக்டரின் கணக்கு வந்தபோது அக்கா கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு, வழக்கம் போல் அடுத்த வருடத்துக்குத் தள்ளினார். அதிலிருந்து அந்த மெஷின் என்ன படித்ததோ தெரியாது.

வேன் நின்றது. ஒருவர் கொழும்புக்குப் போனார், இரண்டு பேர் கட்டாருக்கு. நான் கலகெதரயில் வாப்பாவின் தம்பி தாஸிம் சாச்சாவின் ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கப் போனேன். அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. விண்ணப்பித்த இடமெல்லாம் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். மகளை ஆங்கில வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். நிரோஷன் அண்ணன் பின்னேரங்களில் டியூஷன் கொடுக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் அவர் எனக்குப் போன் எடுத்தார். அக்கா இன்னும் பழைய நேரத்துக்கே எழும்புகிறார், குளித்து உடுத்திக்கொண்டு இருட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்புகிறார் என்று சொன்னார். குரலில் பயம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அம்பிட்டியவுக்குப் போனேன். அக்கா பிளேன் டீ ஊற்றித் தந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"வேனுக்கு நிக்கலடி," என்றார். "அது வராதுன்னு எனக்குத் தெரியாதா? அங்க ஒவ்வொரு வீடா போயி சொல்லிட்டு வர்றேன். போறேன்னு சொல்லக் கம்பனி விடலியே. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வீடு. இன்னும் ஹில் ரோடும் அதுக்கு மேல கொஞ்சமும் பாக்கி."

அண்ணனிடம் பயப்பட வேண்டாம், முடியட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் காலை அக்கா எழும்பவில்லை என்று அண்ணன் மறுபடி போன் எடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தாராம். யசோதினியைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறின பிறகும் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு கிடைத்த வேலைதான் இப்போது செய்வது. தலாத்துஓயாவுக்கு மேலே சில கிராமங்களும் ஒரு தோட்டமும் சேர்ந்து மலை ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது. சிங்களமும் தமிழும் தெரிந்த, மீட்டர் பார்த்து பில் கொடுக்க ஒரு ஆள் தேவை என்றார்கள். சம்பளம் பழையதில் பாதி கூட இல்லை. ஏசி கிடையாது. அட்டைக் கடியும் நாய்களும் முழங்கால் வலியும் உண்டு. அக்கா அதைப் பற்றி நன்றாகவே முறைப்பாடு சொல்வார். இன்னும் இணையத்தில் வேறு வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறார். கிடைத்தால் போய்விடுவேன் என்கிறார். சிங்கள வீடுகளில் அவரை வத்துர மிஸ் என்று கூப்பிடுகிறார்கள், தண்ணி மிஸ் என்று அர்த்தம். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

போன மாதம் ஒரு பௌர்ணமி போயா விடுமுறையில் நானும் அவரோடு நடந்தேன். தோட்டத்தில், ஒட்டு வரிசை அறைகளான லயத்தை விட்டுப் புதிதாகக் கட்டிய தனி வீடுகள் இருக்கின்றன. அன்று அதில் ஒன்றுக்கு முதன்முதலாக இணைப்புக் கொடுக்க வேண்டும். கணேஸ், கிருஷாந்தி என்று ஒரு இளம் தம்பதி, சிமெந்து காயாத வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பில்லு யார் பேருக்கு போடணும்?" என்று அக்கா கேட்டார்.

கணேஸ் வாயைத் திறந்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். "அவ பேருக்கே போடுங்க மிஸ். தண்ணிக்கு அலைஞ்சவ அவதானே."

கிருஷாந்தி வேண்டாம் என்பது போல் தலையாட்டினாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா எழுத்துக் கூட்டிக் கேட்டுப் பெயரை எழுதிக்கொண்டு, குனிந்து வால்வைத் திறந்தார். குழாய் முதலில் இருமியது. காற்று வந்தது, பிறகு செம்மண் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மலையிலிருந்து வருகிற தண்ணீர், ஐஸ் மாதிரி இருந்திருக்க வேண்டும். அக்கா பையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் அதற்குக் கீழே நீட்டினார். மீட்டரின் சின்ன முள் சுற்றத் தொடங்கியது. கிருஷாந்தி வாளியை எடுத்துவந்து பக்கத்தில் நின்றாள். அக்கா கையை எடுக்கட்டும் என்று அவள் அவசரப்படாமல் காத்துக்கொண்டிருந்தாள்.